இறங்கி வந்தவர்களும் இறக்கிவிடப்பட்டவர்களும்

பெட்ரோல் விலை உயரும்போதெல்லாம், நவம்பர் மாதத்தில் தில்லியின் வானம் புகையால் மூடப்படும்போதெல்லாம், முதலாளித்துவ நாளேடுகளில் ஓர் அறிவுரை தவறாமல் தலைகாட்டுகிறது. அலுவலகம் செல்வோர் காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஸ்கூட்டருக்கு மாற வேண்டும் என்பதே அந்த அறிவுரை. அப்படி மாறிய ஒரு நிறுவன மேலாளரின் படமோ, ஒரு மென்பொருள் பொறியாளரின் படமோ புன்னகையோடு அச்சிடப்படுகிறது. மாதம் இவ்வளவு பணம் மிச்சம், நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் மிச்சம், நகரத்துக்கு இவ்வளவு புகை குறைவு என்று கணக்கும் தரப்படுகிறது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் புகழில் ஒரு பங்கு, காரை விட்டிறங்கிய இந்தப் புதிய வள்ளல்களுக்கும் கிடைத்துவிடுகிறது. பாரியிடம் வேறு தேர்களும் இருந்திருக்கும் என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

இந்த அறிவுரை முழுப் பொய் அன்று. முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. பாதி உண்மையாக இருப்பதாலேயே அது தீங்கானது. இந்திய நகரங்களின் போக்குவரத்துச் சிக்கலை, காரா ஸ்கூட்டரா என்ற தனிமனிதத் தேர்வாக அது சுருக்கிவிடுகிறது. கேள்வி அப்படி அமைந்துவிட்டால், விடை எதுவானாலும் பேருந்து விவாதத்திலிருந்தே மறைந்துபோகும். பேருந்தைச் சாலையிலிருந்து மறையச் செய்த ஆட்சியாளர்களுக்கு இதைவிட வசதியான கேள்வி வேறு இருக்க முடியாது.

ஒப்புக்கொள்ள வேண்டியவை

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரை நகர்த்துவதற்கு ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள காரை ஓட்டிச் செல்வது அறிவுக்குப் பொருந்தாத வீண் செலவு. ஒரு ஸ்கூட்டரின் எடை அதில் எட்டில் ஒரு பங்கு அல்லது ஒன்பதில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் கார் ஓடும் தொலைவைப்போல் மூன்று மடங்கு தொலைவை அது ஓடும். ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து ஸ்கூட்டர்களை நிறுத்தலாம். நெரிசல் மிகுந்த சாலையில் அது கடந்துவிடும் சந்திப்பைக் கடக்கக் கார் மூன்று பச்சை விளக்குகளுக்குக் காத்திருக்கும். ஆகவே, காரை விட்டு ஸ்கூட்டருக்கு மாறும் ஓர் ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ எள்ளி நகையாடுவது இடதுசாரிகளின் வேலை அன்று. அவர் செய்வது நல்ல செயலே.

ஆனால் இதே கணக்கு ஸ்கூட்டரோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு மூன்று கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு பேருந்து 50 பேரை ஏற்றிச் செல்கிறது. அந்த 50 பேரும் தனித்தனி ஸ்கூட்டர்களில் வந்தால் பேருந்துக்குத் தேவைப்படுவதைப்போல் பல மடங்கு சாலை வேண்டும். 50 பேருக்கும் தனித்தனியே எரிபொருள் வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் 50 வண்டிகளை நிறுத்த இடமும் வேண்டும். காரைத் தோற்கடிக்கும் அதே எண்கணிதம் ஸ்கூட்டரையும் தோற்கடிக்கிறது. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு விடை கிடைத்துவிட்டதாக அறிவிப்பதில்தான் சூழ்ச்சி அடங்கியிருக்கிறது.

யார் எங்கிருந்து வந்தார்கள்?

காரிலிருந்து ஸ்கூட்டருக்கு என்ற இந்தப் படம் இந்தியாவின் எத்தனை பேரைக் குறிக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வேலைக்குச் செல்வோர் எவ்வாறு பயணம் செய்கின்றனர் என்ற தகவலையும் திரட்டியது. விவசாயம், வீட்டுத் தொழில் ஆகியவற்றுக்கு வெளியே உழைப்போரில் கார், ஜீப், வேன் ஆகியவற்றில் சென்றவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. நடந்து சென்றவர்கள் அதைப்போல் பல மடங்கு. மிதிவண்டியில் சென்றோரும், இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றோரும், பேருந்தில் சென்றோரும் ஒவ்வொரு பிரிவிலும் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தனர். அதாவது, ஊடகங்கள் கொண்டாடும் மாற்றத்தைச் செய்யும் தகுதியே அன்று நூற்றுக்கு மூவருக்கும் குறைவானவர்களிடம்தான் இருந்தது.

குடும்பங்களின் உடைமைக் கணக்கும் இதையே சொல்கிறது. 2001-இல் இருசக்கர மோட்டார் வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் 11.7 விழுக்காடு. 2011-இல் அது 21 விழுக்காடாயிற்று. 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் இருந்தது. கார் வைத்திருந்த குடும்பங்களோ அப்போதும் 8 விழுக்காடு அளவிலேயே நின்றன. இருபது ஆண்டுகளில் இத்தனை கோடிப் பேர் எங்கிருந்து வந்து இருசக்கர வாகனத்தில் ஏறினார்கள்? காரிலிருந்து இறங்கி வந்தவர்களாக இருக்க முடியாது. அவ்வளவு கார்களே நாட்டில் இல்லை. அவர்கள் நடைபாதையிலிருந்தும், மிதிவண்டியிலிருந்தும், பேருந்து நிறுத்தத்திலிருந்தும் வந்தவர்கள். இவர்களில் மிகப் பலர் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டவர்கள்.

எவரும் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிடவில்லை என்று ஆட்சியாளர்கள் சொல்லலாம். இறக்கிவிடுவதற்கு வேறு வழிகள் உண்டு. இரண்டாம் ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடியும். கடைசிப் பேருந்து 9 மணிக்கே போய்விடும். பழைய பேருந்துகள் கழிக்கப்படும், புதியவை வாங்கப்படமாட்டா. தடம் ரத்தாகும், அறிவிப்புப் பலகை மட்டும் நிறுத்தத்தில் தொங்கும். குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு மக்கள் நகரின் விளிம்புக்கு அனுப்பப்படுவார்கள். 2004-இல் தில்லியில் யமுனைக் கரைக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தவர்களில் பலர் பவானா, ஹோலம்பி கலான் போன்ற தொலைதூர இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். வீட்டு வேலையும் கட்டட வேலையும் பழைய இடத்திலேயே இருந்தன. உழைப்பவர்கள் மட்டும் நகரின் மறுகோடிக்குப் போயினர். இத்தகைய குடும்பம் கடன் வாங்கி இருசக்கர வாகனம் வாங்கும்போது அதை ‘நுகர்வோர் விருப்பம்’ என்று சந்தை நிபுணர்கள் பெயரிடுகின்றனர்.

தலைநகரின் வாக்குமூலம்

1998 ஜூலையில், தில்லியின் காற்று மாசு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. 2001 ஏப்ரல் முதல் நாளுக்குள் தலைநகரின் பேருந்துகளை 10,000 ஆக உயர்த்த வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின, அது நடந்தது. எண்ணிக்கையோ உயரவில்லை. கால் நூற்றாண்டு கடந்த பின்னும், தில்லி போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளையும் ஒப்பந்தப் பேருந்துகளையும் கூட்டினால்கூட அந்த எண்ணிக்கை வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் நகரின் மக்கள்தொகை பெருகியது. ஒரு லட்சம் பேருக்கு 60 பேருந்துகள் இருப்பதே நல்ல நிலை என்று ஒன்றிய நகர்ப்புற அமைச்சகம் தானே அளவுகோல் வகுத்திருக்கிறது. அதன்படி 2 கோடி மக்கள் வாழும் தில்லிக்கு 12,000 பேருந்துகள் வேண்டும்.

2016 ஜனவரியில் தில்லி அரசு ஒற்றைப்படை, இரட்டைப்படைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எண் பலகையின் கடைசி இலக்கத்தைப் பொறுத்துக் கார்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடலாம் என்பது அதன் விதி. இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2017 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த விலக்கை ஏற்க மறுத்தது. உடனே அரசு திட்டத்தையே கைவிட்டது. இருசக்கர வாகனத்தில் செல்வோர் அனைவரையும் ஏற்றிச் செல்லப் போதிய பேருந்துகள் இல்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. இது வெறும் நிர்வாக விளக்கம் அன்று, வாக்குமூலம். ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே ஒரு நாள் நின்றால்கூட இந்தியாவின் தலைநகரம் இயங்காது. அரசு வாங்காத பேருந்துகளின் சுமையை, இலட்சக்கணக்கான உழைப்பாளிகள் தம் சொந்தச் செலவில் முதுகில் சுமக்கின்றனர் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட நாள் அது.

பேருந்துக்குத் தனி வழி அமைக்கும் முயற்சிக்கு நேர்ந்த கதியும் நினைவில் நிறுத்தத் தக்கது. வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவித்தது. 2008-இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்குப் பேருந்துத் தடம் ஒதுக்கப்பட்டது. கார்கள் நெரிசலில் நிற்க, பேருந்துகள் அவற்றைக் கடந்து சென்றன. இந்தக் காட்சியைக் கார் வைத்திருந்த வர்க்கத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தடத்தைக் கார்களுக்கும் திறந்துவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012 அக்டோபரில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தில் தோற்ற கோரிக்கை ஆட்சியில் வென்றது: தடத்தை அகற்ற 2015-இல் தில்லி அரசு முடிவெடுத்தது, அடுத்த ஆண்டு அது பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்தக் காரோட்டிகளிடம்தான் இன்று ஸ்கூட்டருக்கு மாறுங்கள் என்று மெல்லிய குரலில் வேண்டுகோள் வைக்கப்படுகிறது. பேருந்துக்கு வழிவிடுங்கள் என்று ஆணையிட எவருக்கும் துணிவில்லை.

சாலை உண்டு, ஸ்கூட்டருக்கு இல்லை

அறிவுரையைக் கேட்டு ஒருவர் உண்மையிலேயே ஸ்கூட்டருக்கு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை விடை தருகிறது. 2009-இல் திறக்கப்பட்ட பாந்திரா - வோர்லி கடற்பாலத்தில் இருசக்கர வாகனங்களுக்கு இடமில்லை. 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவிலும் இடமில்லை. அதே ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்ட கடற்கரைச் சாலையிலும் இடமில்லை. பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்படுகிறது. விரைவுச் சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்கு ஆபத்து மிகுதி என்பது உண்மையே. கேட்க வேண்டியது வேறு. பொதுப் பணத்தில் இத்தகைய சாலைகளை யாருக்காகக் கட்டினார்கள்?

கடற்கரைச் சாலையைக் கட்டியது மும்பை மாநகராட்சி. ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய் அதற்குச் செலவாயிற்று. நகரின் பேருந்துகளை இயக்கும் ‘பெஸ்ட்’ நிறுவனமும் அதே மாநகராட்சிக்குச் சொந்தமானதுதான். 1926 முதல் மும்பையின் தொழிலாளர்களைச் சுமந்த நிறுவனம் அது. ஒரு காலத்தில் 4,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை ஓட்டிய அந்த நிறுவனத்தின் தடங்களில் இன்று 3,000 பேருந்துகள்கூட இல்லை. இருப்பவற்றிலும் பெரும்பகுதி தனியார் ஒப்பந்ததாரர்களுடையவை. 2019 ஜனவரியில் ஊழியர்கள் ஒன்பது நாட்கள் வேலைநிறுத்தம் செய்து இந்த அழிவை எச்சரித்தனர். அதே ஆண்டு ஜூலையில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டபோது பயணிகள் பேருந்தை நோக்கித் திரும்பினர். மக்கள் பேருந்தை வெறுத்து வெளியேறவில்லை என்பதற்கு அதுவே சான்று. 2025 மே மாதத்தில் அந்தக் கட்டணம் இரட்டிப்பாக்கப்பட்டு 10 ரூபாயாயிற்று. காருக்குப் பாலம் கட்ட 14,000 கோடி கிடைக்கிறது. பேருந்துக்கு வரும்போது மட்டும் மாநகராட்சிக்கு நட்டக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

முதலாளி கண்டதும் காணாததும்

மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் செல்லும் நால்வர் கொண்ட குடும்பத்தைக் கண்டு மனம் இளகியே ஒரு லட்சம் ரூபாய்க் காரைத் தயாரிக்க முனைந்ததாக ரத்தன் டாட்டா கூறினார். 2008 ஜனவரியில் தில்லி வாகனக் கண்காட்சியில் நானோ கார் அறிமுகமானது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் அதன் உற்பத்தி ஓய்ந்துபோயிற்று. அந்தக் கார் ஏன் விற்கவில்லை என்பதற்கு வணிகப் பத்திரிகைகள் பல காரணங்கள் எழுதின. அவற்றைவிடச் சிந்திக்க வேண்டியது அந்தத் தொடக்கக் காட்சி. நனையும் குடும்பத்தைக் கண்ட முதலாளிக்கு, அந்தச் சாலையில் அவர்களுக்கு ஏன் ஒரு பேருந்து இல்லை என்ற கேள்வி எழவில்லை. எழவும் எழாது. அவர் கண்டது வாங்காத ஒரு வாடிக்கையாளரை. அன்று ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறுங்கள் என்றார்கள். இன்று காரிலிருந்து ஸ்கூட்டருக்கு இறங்குங்கள் என்கிறார்கள். இரண்டு முறையும் விற்பனையாவது வாகனம்தான்.

ஸ்கூட்டர் தனியார் முதலாளிகளின் கண்டுபிடிப்பாகவே இந்தியாவில் இருந்ததும் இல்லை. 1972-இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் சூப்பர் ஸ்கூட்டர்களும் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர்களும் அங்கே உருவாயின. நிறுவனம் புறக்கணிக்கப்பட்டது. 1990-களின் இறுதியில் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது. மூன்று சக்கர வாகனங்கள் மட்டும் மிஞ்சின. 2021 ஜனவரியில் அதை மூடிவிட மோடி அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாடு தொடர்ந்து இருசக்கர வாகனங்களை வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், மக்களுக்குச் சொந்தமான ஸ்கூட்டர் ஆலைக்குப் பூட்டுப் போடப்பட்டது.

செலவை யார் தலையில் சுமத்துவது?

தொழிலாளி ஆலை வாயிலை அடைந்தால்தான் உற்பத்தி தொடங்கும். அவரை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் செலவு, உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்திச் செலவில் ஒரு பகுதி. ஒரு காலத்தில் இந்தச் செலவின் ஒரு பங்கையேனும் நிறுவனங்கள் ஏற்றன. பெங்களூரில் எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகளின் ஊழியர் பேருந்துகள் காலையில் நகரெங்கும் வலம்வந்தன. தாராளமயத்துக்குப் பின் எழுந்த தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடைப்பது பேருந்து அன்று. வண்டி நிறுத்தும் இடம் மட்டுமே. அதற்கும் சில இடங்களில் கட்டணம் உண்டு.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். போகவர நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள் வேலை என்றால் 780 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கிடைத்தால் ஏறத்தாழ 17 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 1,700 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 90,000 ரூபாய் கடனை மூன்று ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை 3,000 ரூபாய்க்குக் குறையாது. காப்பீட்டையும் பழுதுபார்ப்பையும் சேர்த்தால் செலவு மாதம் 5,000 ரூபாயைத் தொடும். தில்லியில் குளிர்சாதனப் பேருந்து உட்பட எல்லாத் தடங்களிலும் செல்லும் மாதப் பயண அட்டையின் விலை 1,000 ரூபாய். மீதி 4,000 ரூபாய், பேருந்து வராததற்காகத் தொழிலாளி கட்டும் தண்டம். 15,000 ரூபாய் கூலி வாங்குபவருக்கு அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல். கார் வைத்திருந்தவருக்கு ஸ்கூட்டர் மிச்சம்; பேருந்தில் சென்றவருக்கு அதே ஸ்கூட்டர் கடன்.

இந்தக் கடனாளியிடமிருந்தே ஒன்றிய அரசு வரியும் கறக்கிறது. 2014 மே மாதத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றியக் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. கொரோனா பெருந்தொற்றில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, 2020 மே மாதத்தில் அது 32 ரூபாய் 98 காசாக உயர்த்தப்பட்டது. பின்னர் எழுந்த எதிர்ப்பால் இரு முறை குறைக்கப்பட்டு 19 ரூபாய் 90 காசுக்கு வந்தது. 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏற்றப்பட்டது. அந்த 21 ரூபாய் 90 காசில் மாநிலங்களோடு பகிரப்படும் அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றவை எல்லாம் ஒன்றிய அரசே வைத்துக்கொள்ளும் கூடுதல் வரிகளும் மேல்வரிகளும். நகரப் பேருந்தை இயக்கும் பொறுப்பு மாநிலங்களுக்கு. பேருந்தின்றித் தவிப்பவர் கட்டும் வரி தில்லிக்கு. சாலைக் கட்டமைப்பு மேல்வரி என்று லிட்டருக்கு 5 ரூபாய் கொடுத்தவர்தான், மும்பைக் கடற்பாலத்தின் வாயிலில் திருப்பி அனுப்பப்படுகிறார்.

உணவு விநியோகிக்கும் இளைஞரின் நிலை இதன் உச்சம். செயலி முதலாளிக்குச் சொந்தம். வண்டி, பெட்ரோல், தேய்மானம், தவணை, காயம் அனைத்தும் தொழிலாளிக்குச் சொந்தம். உற்பத்திச் சாதனத்தைத் தொழிலாளி தன் கடனில் வாங்கிவந்து, முதலாளியின் இலாபத்துக்காக ஓட்டுகிறார். அவரைத் தொழிலாளி என்று அழைக்கவும் சட்டத்துக்கு மனமில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவராகவே அவரை வரையறுக்கிறது.

உயிரின் கணக்கு

அறிவுரை தரும் கட்டுரைகளில் இடம்பெறாத கணக்கு ஒன்று உண்டு. ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர், ஏறத்தாழ 75,000 பேர், இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். நடந்து சென்றவர்களையும் சேர்த்தால் மாண்டவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேல் இவ்விரு பிரிவினரே. பேருந்துப் பயணியைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. ஸ்கூட்டரோட்டியைச் சுற்றிக் காற்று மட்டுமே இருக்கிறது. அந்தக் காற்றும் தில்லியின் நவம்பர்க் காற்று.

தலைக்கவசம் அணியாததே காரணம் என்பார்கள். தலைக்கவசம் உயிர் காக்கும். அதை வலியுறுத்த வேண்டும். கட்சித் தோழர்கள் அதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும். 2022-இல் தலைக்கவசமின்றி இறந்தோர் 50,029 பேர் என்று அதே அறிக்கை சொல்கிறது. அப்படியானால் எஞ்சிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அணிந்திருந்தும் மாண்டார்கள் என்றாகிறது. குழி விழுந்த சாலையும், விளக்கில்லாத திருப்பமும், பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின் கண்ணை இழுக்கும் உறக்கமும் தலைக்கவசத்தால் தீர்பவை அல்ல. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேலைக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், இழப்பீட்டுச் சட்டத்தின்படி வேலையின்போது நேர்ந்ததாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. சாலை ஆலையின் நீட்சி என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த நீட்சிக்கு முதலாளியின் பொறுப்பு என்ன என்ற கேள்வியைத் தொழிற்சங்கங்கள் இனியேனும் உரக்க எழுப்ப வேண்டும்.

மின்சாரமும் மாற்றிவிடாது

மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது, இனிப் புகையும் இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை என்பது அடுத்த வாதம். புகை குறைவது நல்லதே. 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயில் தொடங்கிய ‘ஃபேம்’ இரண்டாம் கட்டம், 10 லட்சம் மின் இருசக்கர வாகனங்களுக்கு மானியம் தர இலக்கு வைத்தது. பேருந்துகளுக்கு வைத்த இலக்கு நாடு முழுவதற்கும் 7,090. இது தில்லி நகரின் தேவைக்கே போதாது. 2023 ஜூனில் ஸ்கூட்டர் மானியத்தின் உச்சவரம்பு விலையில் 40 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஏற்கெனவே விலை மிகுந்த வண்டி உழைப்பாளியின் கைக்கு இன்னும் எட்டாததாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் 10,000 மின் பேருந்துகளுக்கான திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலும் பேருந்து தனியாருக்கு, கிலோமீட்டர் கணக்கில் பணம் அவர்களுக்கு. நிலமும் பணிமனையும் பொதுமக்களுடையவை. புகைபோக்கியை மாற்றினார்கள், உடைமை உறவை ஒப்பந்ததாரரின் பக்கம் இன்னும் சாய்த்தார்கள்.

பெண்களின் அனுபவம்

ஸ்கூட்டரைக் குறித்து எழுதும் எவரும் பெண்களின் அனுபவத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. கியர் இல்லாத வண்டிகள் பரவிய பிறகு, தந்தையையும் கணவனையும் எதிர்பாராமல் வேலைக்கும் கல்லூரிக்கும் சென்ற பெண்களுக்கு அது மெய்யான விடுதலையின் ஒரு படி. கூட்டப் பேருந்தில் நேரும் தொல்லைகளிலிருந்து தப்பவும் பலர் அதை நாடினர். ஆனால் அந்த விடுதலை தவணை கட்டக்கூடியவர்களோடு நின்றுவிட்டது. தில்லி 2019 அக்டோபரிலும், தமிழ்நாடு 2021 மே மாதத்திலும், கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-லும் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைக் கொண்டுவந்தபோது, வீட்டு வேலை செய்வோரும் பூ விற்போரும் திரளாகப் பேருந்தில் ஏறினர். இலவசம் என்று ஏளனம் செய்தவர்கள், அதுவரை அந்தப் பெண்கள் எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள் என்று கேட்கவில்லை. குறை ஒன்று உண்டு: பயணிகள் பெருகிய அளவுக்குப் பேருந்துகள் பெருகவில்லை. நெரிசலின் கோபம் ஓட்டுநர் மீதும் நடத்துநர் மீதும் விழுகிறது. கட்டணமில்லாப் பயணமும் புதிய பேருந்தும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

இடதுசாரிகள் முன்னுள்ள கடமை

இந்தப் பிரச்சினையில் இடதுசாரிகளிடமும் ஒரு குறை இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறும்போது ஸ்கூட்டரை மாட்டு வண்டியில் ஏற்றியும், கயிறு கட்டி இழுத்தும் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. அது சரியானதே, அந்த வரி அநியாய வரி. ஆனால் அதே துண்டறிக்கையில் பேருந்து பற்றி ஒரு வரி இருப்பது அரிது. போக்குவரத்துத் தொழிலாளர்கள் ஓய்வூதியத்துக்காகவும் காலிப் பணியிடங்களுக்காகவும் தெருவில் இறங்கும்போது, பேருந்தில் செல்லும் பயணிகளோ ஸ்கூட்டரில் கடந்துசெல்லும் தொழிலாளிகளோ அவர்களோடு நிற்பதில்லை. அவர்களை அழைக்கும் முயற்சியும் போதுமானதாக இல்லை. கட்சி உறுப்பினர்களே இருசக்கர வாகனத்தில் கூட்டங்களுக்கு வந்து செல்லப் பழகிவிட்டதால், நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் காத்திருப்பவரின் பார்வை அவர்களை விட்டு மெல்ல விலகியிருக்கிறது. பழக்கம் அரசியலையும் மாற்றிவிடும் என்பதை உணர வேண்டும்.

ஆகவே கோரிக்கை தெளிவாக வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மாநகரிலும் லட்சம் பேருக்கு 60 பேருந்துகள். அவை பொதுத்துறையின் உடைமையாகவும், நிரந்தர ஊழியர்களால் இயக்கப்படுபவையாகவும் இருக்க வேண்டும். அகன்ற சாலைகளில் பேருந்துக்குத் தனித் தடம் வேண்டும். கடைசி ஷிப்ட் முடியும் நேரம் வரை தடங்கள் இயங்க வேண்டும். தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளி உட்பட அனைவரின் பயணச் செலவையும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். அதுவரை ஸ்கூட்டரில் செல்ல நேர்ந்தவருக்குக் கலால் வரிக் குறைப்பும், பாதுகாப்பான சாலையும், வழி விபத்துக்கு இழப்பீடும் வேண்டும்.

காரை விட்டு இறங்கி வருவோரை வரவேற்கலாம். ஆனால் அவர்கள் இறங்கி வருவதற்கான இடம் பேருந்து நிறுத்தமாக இருக்க வேண்டும். அவர்களும் வந்து நின்றால் அந்த நிறுத்தத்துக்குக் கூரை வரும், நேரத்துக்குப் பேருந்தும் வரும் என்பதை அனுபவம் காட்டும். பேருந்து ஒழுங்காக வரும் நகரத்தில்தான் ஸ்கூட்டர் ஒருவரின் விருப்பமாக இருக்க முடியும். பேருந்து வராத நகரத்தில் அது உழைப்பாளியின் மீது சுமத்தப்பட்ட கட்டாயம். அந்தக் கட்டாயத்தை உடைக்க, ஆலை வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் பணிமனை முன்பும் ஒரே கோரிக்கையோடு மக்களைத் திரட்டுவதே உடனடிக் கடமை.